சைப்ரஸில் கிரேக்கர்களும் துருக்கியர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரச்சினை என்ன என்று நாலு வரியில் சொல்ல முடியுமா?

முயல்கிறேன். கிழக்கு மத்தியதரைக் கடலில் 9,251 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு சைப்ரஸ். 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, மக்களில் ஏறத்தாழ 78 சதவீதம் கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். 18 சதவீதம் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்கள். மீதிப் பேர் மாரோனைட்டுகள், ஆர்மீனியர்கள், லத்தீன் கிறிஸ்தவர்கள். பெரும்பான்மையினரின் அரசியல், தீவைக் கிரீஸோடு சேர்க்கச் சொன்னது. சிறுபான்மையினரின் அரசியல், அப்படியானால் தீவை இரண்டாக வெட்டு என்றது. 1963இல் ரத்தக்களரி. 1974இல் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு, அடுத்த ஐந்தாம் நாள் துருக்கிப் படையிறக்கம். அன்றிலிருந்து தெற்கில் கிரேக்கர், வடக்கில் துருக்கியர், நடுவில் ஐ.நா. படை.

இதையே ஒரு சைப்ரஸ் கிரேக்கரிடமும் ஒரு சைப்ரஸ் துருக்கியரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், இரண்டு வேறு நாடுகளின் கதை போல இருக்கும். இருவரும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள். ஒருவர் 1974இல் தொடங்குவார், மற்றவர் 1963இல் தொடங்குவார். இந்தச் சண்டையில் பாதி அந்தத் தொடக்க ஆண்டுக்குள்தான் இருக்கிறது.

துருக்கியர்கள் எப்போது வந்தார்கள்?

1570-71இல் ஒட்டோமான் பேரரசு வெனிஸிடமிருந்து தீவைப் பிடித்தது. படைவீரர்களும் அனடோலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் குடியேறினார்கள். உள்ளூர்க்காரர்களில் சிலரும் மதம் மாறினார்கள். ஆக, 'நேற்று வந்தவர்கள்' என்ற பேச்சு எடுபடாது. நானூறு ஆண்டு என்பது சொந்த ஊர் ஆவதற்குப் போதுமான காலம்.

அப்படியென்றால் இது மதச் சண்டையா?

இல்லை. மதத்தின் பெயரால் யார் எந்தப் பக்கம் என்று பிரித்தார்கள், அவ்வளவுதான். சைப்ரஸ் துருக்கியர்கள் பொதுவாக மதப்பற்று மேலோட்டமானவர்கள். பள்ளிவாசலைவிட, நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க்கின் சிலைக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒட்டோமான் காலத்தில் 'லினோபம்பாக்கி' என்றொரு மக்கள் பிரிவு இருந்தது. லினன் நூலும் பருத்தி நூலும் கலந்து நெய்த துணி என்று பொருள். வெளியே முஸ்லிம், வீட்டுக்குள் கிறிஸ்தவர். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் உண்டு, சுன்னத்தும் உண்டு. பெயரும் இரண்டு. கிறிஸ்தவர்களுக்கு இருந்த வரிச்சுமையிலிருந்து தப்ப இது ஒரு வழி. பிரிட்டிஷார் வந்து மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது 'நீ இதுவா, அதுவா' என்று ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தது. பள்ளிக்கூடமும் அதே கேள்வியைக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் ஏதாவது ஒரு பக்கம் கரைந்து போனார்கள். படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை.

ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் எப்படி 'கிரேக்கர்', 'துருக்கியர்' ஆனார்கள்?

பள்ளிக்கூடம் வழியாக. ஒட்டோமான் ஆட்சி மக்களை மதவாரியாக நிர்வகித்தது. ஆர்த்தடாக்ஸ் பேராயர்தான் கிறிஸ்தவர்களின் சமூகத் தலைவர். வரி வசூலிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1878இல் நிர்வாகத்தை வாங்கிக்கொண்ட பிரிட்டன் அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் கல்வியையும் அதே வழியில் விட்டது. கிரேக்கப் பள்ளிக்கு ஏதென்ஸிலிருந்து பாடநூல், துருக்கியப் பள்ளிக்குத் துருக்கியிலிருந்து பாடநூல். ஒரே தெருவில் விளையாடிய இரண்டு பையன்களில் ஒருவன் 1821இன் கிரேக்க விடுதலைப் போரைத் தன் போராகப் படித்தான், மற்றவன் 1922இல் கிரேக்கப் படையைத் துரத்தியதைத் தன் வெற்றியாகப் படித்தான். இரண்டும் நடந்தது வேறு மண்ணில்!

1891இல் இரு சமூகமும் சேர்ந்து வாழ்ந்த கிராமங்கள் 346. 1960இல் அது 114 ஆகக் குறைந்திருந்தது. அதாவது பெரிய ரத்தக்களரிக்கு முன்பே ஊர்கள் பிரியத் தொடங்கிவிட்டன. ஆனால் எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: 1948இல் லெஃப்கா பக்கத்துத் தாமிரச் சுரங்கங்களில் கிரேக்கத் தொழிலாளரும் துருக்கியத் தொழிலாளரும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்து நின்றார்கள். 1951இல் தீவின் கால்பந்து லீக்கை வென்றது செத்தின்கயா என்ற துருக்கியக் கிளப். அதே லீக்கில்தான் கிரேக்க அணிகளும் ஆடின.

கிரீட் தீவை ஏன் அடிக்கடி இழுக்கிறார்கள்?

கிரீட்டைத் தெரிந்துகொள்ளாமல் சைப்ரஸ் துருக்கியரின் பயம் புரியாது. கிரீட்டும் ஒட்டோமான் தீவுதான். அங்கும் கிரேக்க மொழியே பேசிய பெரிய முஸ்லிம் சமூகம் இருந்தது. கிளர்ச்சி மேல் கிளர்ச்சி, 1897க்குப் பிறகு தன்னாட்சி, 1913இல் கிரீஸோடு இணைப்பு. முஸ்லிம்கள் அலை அலையாக வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களை 1923இன் லொசான் ஒப்பந்தம் ஏற்றி அனுப்பிவிட்டது. அந்தக் கட்டாயப் பரிமாற்றத்தில் ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் துருக்கியிலிருந்து கிரீஸுக்கும், மூன்றரை முதல் நான்கு லட்சம் முஸ்லிம்கள் கிரீஸிலிருந்து துருக்கிக்கும் போனார்கள். அளவுகோல் மதம் மட்டுமே. கிரேக்கம் தவிர ஒரு சொல் தெரியாத கிரீட் முஸ்லிம் 'துருக்கியர்' என்று கப்பலேறினார்.

சைப்ரஸ் அப்போது பிரிட்டன் கையில் இருந்ததால் தப்பியது. ஆகவே 'கிரீஸோடு இணைப்பு' என்ற கோஷம் கேட்டதும் சைப்ரஸ் துருக்கியர் மனதில் வந்த படம் கிரீட்தான். அந்தப் பயம் ஊதிப் பெருக்கப்பட்டது உண்மை. வெறும் கற்பனை என்று தள்ள முடியாததும் உண்மை.

எனோசிஸ், தக்சிம், இயோக்கா, டி.எம்.டி. என்று வருகிறதே, அதெல்லாம் என்ன?

எனோசிஸ் என்றால் கிரேக்க மொழியில் இணைப்பு, அதாவது கிரீஸோடு சேர்வது. 1950 ஜனவரியில் தேவாலயங்களில் ஏடுகளை வைத்து, எனோசிஸ் வேண்டுவோர் கையெழுத்திடலாம் என்றார்கள். கிரேக்கரில் 95.7 சதவீதம் பேர் கையெழுத்திட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் கோயிலில் வைத்துக் கேட்டால் எத்தனை பேர் மறுப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஆதரவு பெரிது என்பதில் சந்தேகமில்லை. அதே ஆண்டு மூன்றாம் மக்காரியோஸ் தலைமைப் பேராயரானார். 1955 ஏப்ரல் 1 அன்று இயோக்கா என்ற தலைமறைவு இயக்கம் குண்டுவெடிப்புகளோடு பிரிட்டனுக்கு எதிரான போரைத் தொடங்கியது. தளபதி கர்னல் கிரிவாஸ்.

தக்சிம் என்றால் துருக்கிய மொழியில் பிரிவினை. அதற்காகப் பிறந்த ஆயுத அமைப்பு டி.எம்.டி. தொடங்கியவர்களில் ஒருவர் ராவுஃப் டெங்டாஷ் என்ற வழக்கறிஞர். பிறகு பல பத்தாண்டுகள் அவர்தான் அந்தச் சமூகத்தின் முகம்.

கவனியுங்கள்: இரண்டு கோஷத்திலும் 'சைப்ரஸ் விடுதலை' இல்லை. கடைசியில் கிடைத்தது, இருவருமே கேட்காத அதுதான்.

எல்லாம் பிரிட்டன் செய்த சூழ்ச்சி என்கிறார்களே?

பாதி சரி. 1954இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில், சில காலனிகள் முழு விடுதலையை ஒருபோதும் எதிர்பார்க்க முடியாது என்ற பொருளில் பேசினார். பேச்சால் தீராது என்று கிரேக்க இளைஞர்கள் முடிவுகட்ட அது போதுமானதாக இருந்தது. அப்புறம் இயோக்காவை அடக்கத் துணைக் காவல்படைக்குத் துருக்கியர்களைச் சேர்த்தார்கள். இதன் விளைவு எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்: இயோக்கா 'பிரிட்டனின் போலீஸ்காரரை' சுடுகிறது, சாவு வீடு துருக்கியர் தெருவில் விழுகிறது.

மறுபாதியை இரு தரப்பும் தாங்களே செய்துகொண்டார்கள். 1958 ஜூனில் தலைநகர் நிகோசியாவில் துருக்கியச் செய்தி அலுவலகத்தில் குண்டு வெடித்தது. கிரேக்கர் வைத்தார்கள் என்று நினைத்துக் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. வைத்தவர் தன் நண்பர்தான் என்று டெங்டாஷே பல ஆண்டு கழித்து ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். இதை வெள்ளைக்காரன் தலையில் கட்ட முடியாது.

1960 அரசியலமைப்பு ஏன் நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை?

அதன் அடிப்படையைச் சூரிச்சிலும் லண்டனிலும் முடிவு செய்தார்கள், சைப்ரஸில் இல்லை. அதிபர் கிரேக்கர், துணை அதிபர் துருக்கியர், இருவருக்கும் தடுப்பதிகாரம் (வீட்டோ). அரசு வேலையிலும் நாடாளுமன்றத்திலும் 70:30, ராணுவத்தில் 60:40. கிரீஸ், துருக்கி, பிரிட்டன் மூன்றும் இந்த ஏற்பாட்டைக் காக்கப் பொறுப்பேற்ற 'உத்தரவாத நாடுகள்'. பிரிட்டனுக்கு அக்ரோத்திரி, தெக்கெலியா என்ற இரண்டு ராணுவத் தளங்கள், தீவின் சுமார் 3 சதவீத நிலம். அவை இன்றும் பிரிட்டன் மண்தான்.

18 சதவீதத்துக்கு 30 சதவீத இடமா என்று கிரேக்கர்கள் பொருமினார்கள். எழுதியதையே தர மறுக்கிறார்கள் என்று துருக்கியர்கள் வரிச் சட்டத்தை முடக்கினார்கள். நகராட்சி தனித்தனியா ஒன்றா என்பதிலேயே மாதக்கணக்கில் இழுபறி. 1963 நவம்பரில், அதிபராகியிருந்த மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். தடுப்பதிகாரம் போகும், ஒதுக்கீடு குறையும். துருக்கியர் தரப்பு மறுத்தது.

இந்தக் குடியரசில் உருப்படியாக வந்த ஒன்று அதன் கொடி. வெள்ளைத் துணியில் தாமிர நிறத்தில் தீவின் வரைபடம், கீழே இரண்டு ஆலிவ் கிளைகள். வரைந்தவர் இஸ்மெத் குனெய் என்ற துருக்கிய ஓவிய ஆசிரியர். அந்தக் கொடியை ஆசையாக ஏற்றியவர்கள் அன்று குறைவு. கிரேக்கத் தெருவில் கிரீஸ் கொடி, துருக்கியத் தெருவில் துருக்கிக் கொடி. தேசிய கீதமாக இன்றும் கிரீஸின் கீதமே இசைக்கப்படுகிறது.

1963 டிசம்பரில் என்ன நடந்தது?

21ஆம் தேதி அதிகாலை, நிகோசியாவில் கிரேக்கப் போலீசார் ஒரு சோதனையில் துருக்கியர்களை நிறுத்தியதில் தகராறு, துப்பாக்கிச் சூடு, இரண்டு துருக்கியர் சாவு. ஏற்கெனவே இரு தரப்பும் ஆயுதம் சேர்த்து வைத்திருந்தது. அடுத்த சில மாதங்களில் கொல்லப்பட்டவர்கள் துருக்கியரில் சுமார் 364, கிரேக்கரில் சுமார் 174 என்று கணக்கிடப்படுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஏறத்தாழ 25,000 துருக்கியர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, தங்கள் ஆட்களின் காவலில் இருந்த சிறு அடைப்புப் பகுதிகளுக்குள் ஒதுங்கினார்கள். சிமென்ட் போன்ற பொருள்கள் உள்ளே போகக்கூடாது என்று அரசு தடை போட்டது. பலர் கூடாரத்திலும் கொட்டகையிலும் ஆண்டுகளைக் கழித்தார்கள். வெளியே போக நினைத்த தம் மக்களை டி.எம்.டி.யும் தடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் முந்தின நாள் நிகோசியாவின் குமசல் பகுதியில், ஒரு துருக்கிய ராணுவ அதிகாரியின் மனைவியும் மூன்று குழந்தைகளும் குளியலறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். வடக்கின் பிள்ளைகள் அந்தக் குளியல்தொட்டிப் படத்தைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

டிசம்பர் 30 அன்று பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் பீட்டர் யங், நகர வரைபடத்தின்மேல் ஒரு பச்சைப் பென்சிலால் கோடு இழுத்தார். கையில் இருந்த நிறம் அதுதான். இன்றுவரை அதன் பெயர் பசுமைக் கோடு.

ஐ.நா. படைக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. 1964 மார்ச்சில் அமைந்த அந்தப் படையின் முதல் தளபதி பிரேம் சிங் கியானி. அவருக்குப் பின் குடகில் பிறந்த ஜெனரல் திம்மையா. 1965 டிசம்பரில் பணியிலிருக்கும்போதே சைப்ரஸில் இறந்தார். அந்த நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 1974 போர் நடுவில் நிகோசியா விமான நிலையத்தை ஐ.நா. பாதுகாப்பில் எடுத்தபோது தளபதியாக இருந்தவர் திவான் பிரேம் சந்த். மூவரும் இந்தியர்கள்.

1974: படையெடுப்பா, அமைதி நடவடிக்கையா?

தெற்கில் முதல் பெயர், வடக்கில் இரண்டாவது பெயர். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்குள் மக்காரியோஸ் எனோசிஸ் நடக்காத காரியம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஏதென்ஸில் இருந்த ராணுவ ஆட்சிக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஜூலை 15, திங்கட்கிழமை காலை, கிரீஸ் அதிகாரிகளின் கீழிருந்த தேசியக் காவல்படை அதிபர் மாளிகையை டாங்கிகளால் தாக்கியது. மக்காரியோஸ் செத்துவிட்டார் என்று வானொலி அறிவித்தது. அவரோ பின்பக்கமாக நழுவி, பாஃபோஸ் நகரம் போய், அங்கிருந்த சிறு வானொலியில் 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று பேசினார். கவிழ்த்தவர்கள் அதிபராக உட்கார வைத்த ஆள் நிகோஸ் சாம்ப்சன். 1963இல் நிகோசியாவின் ஒமோர்ஃபித்தா பகுதியில் துருக்கியர்களைத் தாக்கிய ஆயுதக் குழுவின் தலைவர் அவர். துருக்கிப் பிரதமர் எஜெவித்துக்கு இதைவிட நல்ல காரணத்தை எதிரிகூடத் தந்திருக்க முடியாது.

ஜூலை 20, வடக்குக் கரையில் உள்ள கிரீனியா அருகே துருக்கிப் படை இறங்கியது. மூன்றாம் நாள் ஏதென்ஸின் ராணுவ ஆட்சியே சரிந்தது. சாம்ப்சன் பதவி எட்டு நாளோடு போனது. இதுவரை துருக்கியின் வாதத்துக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 14 அன்று, ஜெனீவாவில் பேச்சு முறிந்த கையோடு இரண்டாவது தாக்குதல் தொடங்கியது. அதற்கு என்ன சமாதானம் சொல்வது? கவிழ்ப்பும் இல்லை, சாம்ப்சனும் இல்லை. இரண்டே நாளில் தீவின் 36 சதவீதத்துக்கும் மேல் துருக்கியின் கையில். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். சுமார் 45,000 துருக்கியர்கள் வடக்கே போனார்கள். அதே ஆகஸ்டில் மராத்தா, சாந்தலாரிஸ், அலோதா என்ற மூன்று சிற்றூர்களில் 126 துருக்கியர்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும், கிரேக்க ஆயுததாரிகளால் கொன்று புதைக்கப்பட்டார்கள்.

இரண்டு பக்கமும் 'மறக்க மாட்டோம்' என்கிறார்களாமே?

ஆமாம். தெற்கில் பள்ளி நோட்டுப் புத்தக அட்டையிலேயே 'தென் க்செக்னோ' (மறக்க மாட்டேன்) என்று அச்சிட்டு, வடக்கில் விட்டுவந்த ஊரின் படம் போடுவார்கள். கிரீனியாவைக் கண்ணால் காணாத பிள்ளை அந்தத் துறைமுகத்தைத் தினமும் பையில் சுமந்து போகும். வடக்கில் 'உனுத்மயாஜாயிஸ்', மறக்க மாட்டோம், 1963இலிருந்து 1974 வரையிலான தியாகிகளுக்கு. தெற்குக்கு 1963 முதல் 1974 வரையான பதினோரு ஆண்டு ஏதோ உள்ளூர்ச் சச்சரவு. வடக்குக்கு 1974 ஜூலை 20 விடுமுறை நாள், கொண்டாட்டம்.

இரண்டு தேசியவாதத்துக்கும் எதிராக நின்றவர்கள் இல்லையா?

இருந்தார்கள், அவர்களைப் பெரும்பாலும் சொந்தப் பக்கமே கொன்றது. டெர்விஷ் அலி கவாஸோலு துருக்கியர், கொஸ்தாஸ் மிஷாவுலிஸ் கிரேக்கர். இருவரும் இடதுசாரித் தொழிற்சங்கக்காரர்கள். 1965 ஏப்ரல் 11 அன்று நிகோசியா–லார்னகா சாலையில் ஒரே காரில் போகும்போது டி.எம்.டி. ஆட்கள் சுட்டார்கள். இருவரும் காருக்குள்ளேயே ஒருவர் பக்கத்தில் ஒருவர் செத்துக் கிடந்த புகைப்படம் தீவில் பலருக்குத் தெரியும். இயோக்காவும் தன் பங்குக்குக் கிரேக்க இடதுசாரிகளைத் 'துரோகி' என்று சுட்டிருக்கிறது.

காணாமற்போனவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்களா?

பட்டியலில் 2,002 பேர்: கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. 1981இல் அமைத்த இருதரப்புக் குழு, 2006இல்தான் முறையாகத் தோண்டத் தொடங்கியது. கிணறுகள், எலுமிச்சைத் தோப்புகள், குப்பைமேடுகள். இரு சமூகத்து இளம் தொல்லியலாளர்களும் ஒரே குழியில் சேர்ந்து தோண்டுகிறார்கள். ஆய்வகத்தில் மேசைமேல் எலும்புகளை அடுக்கி, மரபணுச் சோதனை செய்து குடும்பத்துக்குத் தருகிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். எங்கே புதைத்தோம் என்று தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்வதால் வேலை வரவர மெதுவாகிறது.

ஐ.நா. காக்கும் நடுப்பகுதியில் என்ன இருக்கிறது?

180 கிலோமீட்டர் நீளம். சில இடத்தில் ஏழு கிலோமீட்டர் அகலம். பழைய நிகோசியாவின் சந்துகளில் சில மீட்டர்தான், எதிர்வீட்டுப் பால்கனிக்குத் தாவிவிடலாம். உள்ளே கைவிடப்பட்ட விமான நிலையம், ஓடுதளத்தருகே சக்கரம் அமர்ந்துபோன ஒரு ட்ரைடென்ட் விமானம், 1974இல் விற்பனைக்கு வந்து ஒரு மனிதரும் ஓட்டாத டொயோட்டா கார்கள். பிலா என்ற ஊரில் மட்டும் இரு சமூகமும் இன்றும் சேர்ந்து வாழ்கிறது.

2004இல் சேர்ந்திருக்கலாமே, ஏன் நடக்கவில்லை?

அதற்கு முந்தின ஆண்டு, 2003 ஏப்ரல் 23 அன்று, வடக்கு திடீரென எல்லையைத் திறந்தது. 29 ஆண்டு கழித்து ஜனங்கள் பழைய வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். கதவைத் தட்டி 'இது என் வீடு, உள்ளே பார்க்கலாமா' என்று கேட்பதும், உள்ளிருப்பவர் காபி போட்டுத் தந்து, எடுத்து வைத்திருந்த கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுப்பதும் நடந்தது. முகத்தில் அறைந்தாற்போல் கதவு சாத்தியதும் நடந்தது.

2004 ஏப்ரல் 24, ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானின் மறு ஒன்றிணைப்புத் திட்டத்துக்கு இரு பக்கமும் வாக்கெடுப்பு. துருக்கியரில் 65 சதவீதம் ஆம். கிரேக்கரில் 76 சதவீதம் இல்லை. துருக்கிப் படை முழுதாகப் போகாது, அனடோலியாவிலிருந்து கொண்டுவந்த குடியேறிகள் பலர் இருப்பார்கள், வீடு எல்லோருக்கும் திரும்பாது என்பது கிரேக்கரின் கவலை. என் பார்வையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது: ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் தெற்குப் பகுதி மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போவது உறுதி. இறங்கிவர என்ன அவசரம்?

வடக்கு ஒரு நாடா?

1983 நவம்பர் 15 அன்று அப்படி அறிவித்துக்கொண்டது. ஏற்றுக்கொண்ட நாடு துருக்கி ஒன்றே. பணம் லிரா, வெளிநாட்டு விமானம் துருக்கி வழியாகத்தான்.

இப்போது நிலைமை?

1977இலேயே மக்காரியோஸும் டெங்டாஷும் ஒப்புக்கொண்ட 'இரு சமூகக் கூட்டாட்சி' என்ற சொல்லைச் சுற்றித்தான் இன்னும் பேச்சு. 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொந்தானாவில் கிட்டத்தட்ட கைகூடி முறிந்தது. அதன்பின் வடக்கில் 'இரண்டு தனி நாடு' கோஷம் ஓங்கியது. 2025 அக்டோபர் தேர்தலில் கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மன் அங்கே பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

பிரிந்த பிறகு சேர்ந்து செய்த காரியம் ஏதாவது உண்டா?

நிகோசியாவின் சாக்கடை. 1974க்கு முன்பே தொடங்கிய கழிவுநீர்த் திட்டம், போரால் பாதியில் நின்றது. குழாய்கள் பெரும்பாலும் தெற்கில், சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடம் வடக்கில். தெற்கு மேயர் லெல்லோஸ் திமித்ரியாதிஸும் வடக்கு மேயர் முஸ்தஃபா அக்கின்ஜியும் 1978இல் உட்கார்ந்து பேசி, தலைவர்களின் ஒப்பந்தத்துக்குக் காத்திராமல் முடித்தார்கள். அக்கின்ஜிதான் பின்னாளில் வடக்கின் தலைவராகிக் கிரான்ஸ்-மொந்தானா மேசையில் உட்கார்ந்தவர். அங்கே கூடிவரவில்லை. நகரத்தின் இரு பாதிக் கழிவும் இன்றும் கோட்டுக்கு அடியில் ஒன்றாகக் கலந்து, கிரேக்கர் மியா மிலியா என்றும் துருக்கியர் ஹஸ்போலாத் என்றும் சொல்லும் அதே ஊருக்கு ஓடுகிறது.